பூமியைத் துளைத்துப் போக முப்பத்தெட்டு நிமிடம்

2002ஆம் ஆண்டு நான் ஹைதராபாத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு அறிவியல் புராஜெக்ட் செய்து கொடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஊருக்கு அதற்காகப் போகவில்லை. திருமங்கலத்திலிருந்து கிளம்பும்போது இயற்பியலில் எம்.எஸ்ஸி. முதல் வகுப்பு என்ற சான்றிதழ் பெட்டியில் இருந்தது. அமீர்பேட்டில் ஆறு மாதம் ஜாவா என்ற கம்ப்யூட்டர் படிப்பு படித்தால் ஏழாம் மாதம் வேலை என்று எங்கள் ஊரில் எல்லோரும் சொன்னார்கள். நான் போய்ப் படித்து முடித்தபோது கம்பெனிகள் ஆள் எடுப்பதையே நிறுத்தியிருந்தன.

ஒரு வருடம் அப்படியே போனது. காலையில் ஷூ போட்டுக்கொண்டு பயோடேட்டா நகல்களுடன் கிளம்புவேன். மாதாப்பூர் பக்கம் பெரிய கண்ணாடிக் கட்டடங்களின் வாசலில் காவலாளி ஓர் அட்டைப்பெட்டியைக் காட்டுவார். அதில் போட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். ஒரு நாள் அந்தப் பெட்டியைத் தூக்கிப் போய்க் குப்பை லாரியில் கவிழ்ப்பதை எதிர் டீக்கடையிலிருந்து பார்த்தேன். மறுநாளும் போய் இன்னொரு நகலைப் போட்டேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

வீட்டில் நான் சொல்லியிருந்தது வேறு. ஒரு கம்பெனியில் பயிற்சியில் இருப்பதாகச் சொல்லியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசும்போது அப்பா கேட்பார்.

"கம்பெனி பேரு என்னப்பா? தெருவுல கேக்குறாங்க, எனக்குச் சொல்ல வர மாட்டேங்குது."

"அது இங்கிலீஷ் பேருப்பா. லெட்டர் வரட்டும், அதுல இருக்கும்."

"சரிப்பா. அவசரமில்ல."

அந்த 'அவசரமில்ல'வைக் கேட்டுவிட்டு வெளியே வருவேன். பூத்துக்குப் பக்கத்திலிருந்த படிக்கட்டில் உட்கார்ந்துவிடுவேன்.

அந்தப் படிக்கட்டுதான் மாடியிலிருந்த பிரவுசிங் சென்டருக்குப் போகும் வழி. எட்டு கம்ப்யூட்டர்கள், ஒரு பிரிண்டர், ஸ்பைரல் பைண்டிங் போடும் இயந்திரம். வாசலில் 'இங்கே எல்லா வகுப்புக்கும் புராஜெக்ட் செய்து தரப்படும்' என்று ஆங்கிலத்திலும் தெலுங்கிலும் ஒரு பலகை. மெயில் பார்க்க அடிக்கடி போய்வந்ததில் நான் இயற்பியல் படித்தவன் என்று முதலாளிக்குத் தெரிந்தது. நாற்பது வயது, தெலுங்குக்காரர், எப்போதும் சிரித்த முகம். "மாஸ்டாரு" என்று கூப்பிட ஆரம்பித்தார். பொறியியல் மாணவர்களின் புராஜெக்ட்டுகளை வேறு பையன்கள் பார்த்தார்கள். பள்ளிப் பிள்ளைகளுடையது என்னிடம் வந்தது. எரிமலை, அணைக்கட்டு, பெரிஸ்கோப், மழைநீர் சேகரிப்பு. தெர்மகோலை வெட்டி வெட்டி என் சட்டையெல்லாம் வெள்ளைத் தூளாக இருக்கும்.

நவம்பரில் முதலாளி ஒரு பேச்சு வைத்தார். அவருடைய மைத்துனர் மேல் மாடியில் கன்சல்டன்சி நடத்திவந்தார். மூன்று வருடம் பெங்களூரில் வேலை பார்த்ததாக அனுபவக் கடிதம், சம்பளச் சீட்டு, யாராவது போன் செய்து விசாரித்தால் எடுத்துப் பதில் சொல்ல ஒரு பெண், எல்லாம் அவர் தயார் செய்து கொடுப்பார். அமீர்பேட்டில் அது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. என் விடுதி அறையில் இருந்த நால்வரில் இருவர் அப்படித்தான் வேலைக்குப் போயிருந்தார்கள்.

"இந்தக் கண்காட்சி சீசன் முடியறவரைக்கும் எங்கயும் போகாம செஞ்சு குடு, மாஸ்டாரு. எந்தப் புகாரும் வரக் கூடாது. ஜனவரி முடிஞ்சதும் உன் லெட்டர் என் பொறுப்பு" என்றார்.

ஒத்துக்கொண்டேன். அன்றைக்கு அது எனக்குத் தப்பாகத் தோன்றியதாக ஞாபகமில்லை. மூச்சு விட ஒரு ஜன்னல் திறந்த மாதிரிதான் இருந்தது.

டிசம்பர் தொடக்கத்தில் ஓர் அம்மா வந்தார்கள். முதலாளியிடம் தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தவர்கள், நான் போனில் யாருடனோ தமிழில் பேசுவதைக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்கள்.

"நீங்க தமிழா தம்பி? எங்களுக்கு வேலூர் பக்கம். வந்து இருபத்தஞ்சு வருஷமாச்சு."

கணவர் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் அதிகாரி. காஞ்சன்பாக் பக்கம் குவார்ட்டர்ஸ். ஒரே மகள், பதினொன்றாம் வகுப்பு. அந்த வருடம் மாவட்டக் கண்காட்சியில் புதிதாகக் கோட்பாட்டு அறிவியல் என்று ஒரு பிரிவு வைத்திருந்தார்கள். மாதிரி எதுவும் செய்ய வேண்டாம், கணக்கும் விளக்கமும் போதும். அதில் தேர்வாகும் இரண்டு பேர் கோடை விடுமுறையில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் ஆறு வாரம் விஞ்ஞானிகளோடு இருக்கலாம். மகளுக்கு அதில் வெறி. அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. காலை ஐந்து மணிக்கு ஐ.ஐ.டி. பயிற்சி வகுப்பு, அப்புறம் பள்ளி, மாலையில் மறுபடி பயிற்சி வகுப்பு. இதில் புராஜெக்ட்டுக்கு ஏது நேரம் என்று கத்துகிறாராம்.

"ரெண்டு பேருக்கும் நடுவுல நான் மாட்டிக்கிட்டேன் தம்பி. நீங்களே எழுதிக் குடுத்துட்டா அவ படிச்சிட்டுப் போய்ப் பேசிடுவா. அவருக்கும் கோபம் வராது."

என்னிடம் ஒன்று தயாராக இருந்தது. பூமியின் ஒரு பக்கத்திலிருந்து மையம் வழியாக மறுபக்கம் வரை நேராக ஒரு சுரங்கம் தோண்டி அதில் ஒருவர் குதித்தால், எவ்வளவு நேரத்தில் மறுபக்கம் போய்ச் சேருவார்? நாற்பத்திரண்டு நிமிடம். இயற்பியல் படித்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விடை. உள்ளே போகப் போக ஈர்ப்பு ஒரே சீராகக் குறையும், குதித்தவர் ஊஞ்சல் மாதிரி ஆடுவார், அவ்வளவுதான் கணக்கு. அதை ஏற்கெனவே இரண்டு பிள்ளைகளுக்குக் கொடுத்திருந்தேன். அழகுக்காகப் புவியியல் புத்தகத்திலிருந்து பூமியின் அடுக்குகளை வரைந்த ஒரு வண்ணப்படத்தையும் சேர்த்துப் பைண்டிங் போட்டுக் கொடுத்தேன்.

நாலு நாள் கழித்து அந்த மகள் தனியாக வந்தாள். இரட்டைச் சடை, தோளில் பயிற்சி வகுப்பின் பெரிய பை, கையில் நான் கொடுத்த புராஜெக்ட். பக்கங்களின் ஓரமெல்லாம் மடிக்கப்பட்டிருந்தது. வீட்டில் தமிழ், வெளியே தெலுங்கும் ஹைதராபாத் ஹிந்தியும் என்று வளர்ந்தவள். மூன்றையும் கலந்துதான் பேசினாள்.

"அங்கிள், இது நீங்க எழுதினதா?"

எனக்கு அப்போது இருபத்தாறு வயது.

"ஆமா. என்ன?"

"நாலாம் பக்கமும் ஆறாம் பக்கமும் சண்டை போடுது அங்கிள். படத்துல, நடுவுல இருக்கிற கரு மேல்பாகத்தைவிட ரெண்டு மடங்குக்கு மேல கனம்னு போட்டிருக்கு. கணக்குல பூமி முழுக்க ஒரே கனம்னு வெச்சிருக்கீங்க. கைக்கு, ஏன் அப்படி? எது பொய்?"

நான் இரண்டு பக்கத்தையும் புரட்டிப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. இரண்டு முறை பிரிண்ட் எடுத்துக் கொடுத்திருக்கிறேன், எனக்குக் கண்ணில் படவில்லை.

"அது ஒரு தோராயம்மா. கணக்கு சுலபமா வரணும்னு அப்படி வெச்சுக்குவாங்க."

"அப்போ தோராயம்னு எழுதணும்ல? நெஜமா எவ்ளோ நேரம் ஆகும்?"

"கிட்டத்தட்ட அதேதான் வரும்" என்றேன். கணக்குப் போட்டுப் பார்த்து அப்படிச் சொல்லவில்லை. இன்னும் பதினொரு எரிமலை பாக்கி இருந்தது.

அவள் புராஜெக்ட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அடுத்த வாரம் ஒரு நோட்டோடு வந்தாள். பயிற்சி வகுப்பு நோட்டு. முன்பக்கம் முழுக்க வேதியியல். பின்பக்கத்திலிருந்து திருப்பினால் இவளுடைய கணக்கு. பூமியை இரண்டு அடுக்காகப் பிரித்து, ஐந்நூறு கிலோமீட்டருக்கு ஒரு தடவை ஈர்ப்பு எவ்வளவு இருக்கும் என்று கால்குலேட்டரில் போட்டிருந்தாள். வகுப்பு நடக்கும்போது பெஞ்சுக்கு அடியில் வைத்துப் போட்டதாம்.

"பாதி வழி வரைக்கும் இழுப்பு குறையவே இல்ல அங்கிள். கிட்டத்தட்ட அப்படியே இருக்கு. கரு கிட்ட போனா கொஞ்சம் கூடவே கூடுது. அதுக்கப்புறம்தான் குறையுது. நேரம் முப்பத்தெட்டும் சொச்சமும் வருது. நாப்பத்திரண்டு இல்ல."

"நோட்டை வெச்சிட்டுப் போ. பாக்குறேன்."

அன்று மதியச் சாப்பாட்டுக்குப் போகவில்லை. பிரிண்டருக்குப் பக்கத்தில் பழைய தாள்களை அடுக்கி வைத்திருப்பார்கள், அதன் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். முதல் தடவை எனக்குத் தப்பாக வந்தது. இரண்டாம் தடவை அவளுடைய எண்களே வந்தன. பிறகு ஒன்றைக் கவனித்தேன். ஈர்ப்பு குறையாமல் அப்படியே இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒன்பதாம் வகுப்புச் சூத்திரமே போதும். மையத்துக்குப் பத்தொன்பது நிமிடம், இரண்டால் பெருக்கினால் முப்பத்தெட்டு. ஒரு வரி. அந்த ஒரு வரி ஐந்து வருடம் கல்லூரியில் இயற்பியல் படித்த என் தலைக்குள் வரவில்லை.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். முடியவில்லை. வேலை கிடைக்காததற்கு இதுவரை சந்தையைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். படித்த படிப்பாவது என்னிடம் இருக்கிறது என்று நினைத்திருந்தேன். அதுவும் இல்லையோ என்று முதல்முறையாகத் தோன்றியது அன்றைக்குத்தான்.

மறுநாள் அவள் வந்தபோது உண்மையைச் சொன்னேன். "உன் கணக்கு சரி. ஆனா நாப்பத்திரண்டுன்னே போட்டுடு. ஜட்ஜுகளுக்குத் தெரிஞ்சது அதுதான். முப்பத்தெட்டுன்னு சொன்னா தப்புன்னுடுவாங்க."

"நக்கோ அங்கிள், மாட்டேன்."

"ஆறு வாரம் ஆராய்ச்சி நிலையம் வேணுமா வேண்டாமா?"

"வேணும். பொய் சொல்லிட்டு அங்க போய் என்ன பண்றது?"

அதற்கு மேல் நான் வாதாடவில்லை. அவள் கணக்கை, அவள் வாக்கியங்களை, அவள் வரைந்த வரைபடத்தை, முதலாளி இல்லாத மதியங்களில் நானே தட்டச்சு செய்தேன். எழுத்துப்பிழை தவிர எதையும் நான் திருத்தவில்லை. பழைய புராஜெக்ட்டைக் கிழித்துப் போட்டேன். கடைசியில் பைண்டிங் போட்டபோது அதில் என்னுடையதாக ஒன்றும் இல்லை, அந்த வண்ணப்படத்தைத் தவிர.

ஜனவரியில் கண்காட்சி. பெரிய பள்ளிக்கூடம் ஒன்றின் மண்டபம். எங்கள் கடையிலிருந்து மட்டும் பதின்மூன்று மேஜைகள் இருந்தன. எரிமலை கக்கவில்லை, மோட்டார் சுற்றவில்லை என்றால் உடனே சரிசெய்ய என்னை அனுப்பினார் முதலாளி. ஒரு பையில் பேட்டரி, ஒயர், பசைத் துப்பாக்கி. போகும்போது கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"நீ யாருன்னு யாருக்கும் தெரியக் கூடாது, மாஸ்டாரு. கேட்டா பிள்ளைக்கு அண்ணன்னு சொல்லு. கடை பேரு வெளிய வந்தா என் வியாபாரம் போச்சு, உன் லெட்டரும் போச்சு."

அவள் மேஜை மண்டபத்தின் கோடியில் இருந்தது. மேலே ஒரு சார்ட், பைண்டிங் போட்ட புராஜெக்ட், அந்த வேதியியல் நோட்டு. வேறு எதுவும் இல்லை. பக்கத்து மேஜையில் எங்கள் கடை அணைக்கட்டு. தண்ணீர் விழுந்து சக்கரம் சுற்றி விளக்கு எரியும், அதனால் கூட்டம் முழுக்க அங்கேதான். அவளுடைய சார்ட்டைத் தாண்டித்தான் எல்லோரும் அணையைப் பார்க்க வந்தார்கள். ஒருவரும் நிற்கவில்லை. அவள் அம்மா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, மகளைப் பார்ப்பதும் வாசலைப் பார்ப்பதுமாக இருந்தார்கள். அப்பா வருவதாகச் சொல்லியிருந்தாராம். வரவில்லை.

நடுவர்கள் வரும் நேரம் பார்த்து அணைக்கட்டு மோட்டார் நின்றுபோனது. நான் மேஜைக்கு அடியில் மண்டியிட்டு ஒயரைப் பிரித்துக்கொண்டிருந்தேன். ஐந்தடி தூரத்தில் தலைமை நடுவர் அவள் முன்னால் வந்து நின்றார். ஓய்வுபெற்ற பேராசிரியர், வெள்ளை அரைக்கைச் சட்டை, கையில் மதிப்பெண் அட்டை. காலையிலிருந்து நின்று நின்று களைத்திருந்தார். அவர்கள் பேசியது ஆங்கிலத்தில். அவள் மூன்று நிமிடம் கோர்வையாகப் பேசினாள். சொல்லி முடிக்கும் முன்பே அவர் தலையை ஆட்ட ஆரம்பித்துவிட்டார்.

"முப்பத்தெட்டு எங்கிருந்து வந்ததம்மா? இதற்கு விடை நாற்பத்திரண்டு."

"சார், அது பூமி முழுக்க ஒரே அடர்த்தி என்று வைத்துக்கொண்டால். மையக் கரு..."

"உள்ளே போகப் போக ஈர்ப்பு சீராகக் குறையும். உன் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. படித்தாயா?"

"படித்தேன் சார். பாடப்புத்தகத்திலும் ஒரே அடர்த்தி என்றுதான்... இந்த அட்டவணையைப் பாருங்கள் சார்."

அவர் அட்டவணையைப் பார்த்தார். பார்த்தார் என்பதைவிட அதன் மேல் கண்ணை ஓட்டினார். "அடிப்படை சரியில்லாமல் எண்களைப் போட்டு என்ன பயன்? உனக்கு வழிகாட்டி யார்?"

பள்ளியிலிருந்து கூட வந்திருந்த ஆசிரியை வேதியியல் நடத்துபவர். "அவளாகவே செய்தது சார், எனக்குத் தெரியாது" என்று ஒதுங்கிக்கொண்டார்.

"இங்கே யாராவது இருக்கிறீர்களா, இந்தப் பிள்ளைக்கு எடுத்துச் சொன்னவர்கள்?" என்று நடுவர் சுற்றிலும் பார்த்தார்.

அவள் என்னைப் பார்த்தாள்.

மேஜைத் துணியின் ஓரத்திலிருந்து அந்தப் பார்வையை நான் கண்டேன். எழுந்து நின்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அவளுடைய கணக்கை இரண்டு தடவை போட்டுப் பார்த்தவன் அந்த மண்டபத்தில் நான் ஒருவன்தான். எனக்கு முதலாளியின் முகம் தெரிந்தது. அப்பா 'அவசரமில்ல' என்று சொல்வது கேட்டது. குனிந்து, சரியாகவே இருந்த ஓர் ஒயரைத் திருக ஆரம்பித்தேன். மோட்டார் சட்டென்று சுற்றி, விளக்கு எரிந்து, சுற்றி நின்ற பிள்ளைகள் கைதட்டினார்கள். நடுவர்கள் அந்தக் கைதட்டல் வந்த பக்கம் நகர்ந்துவிட்டார்கள்.

மாலை பரிசளிப்பு. அணைக்கட்டுக்கு இரண்டாம் பரிசு. அவளுக்குப் பங்கேற்புச் சான்றிதழ். வெளியே வரும்போது அவள் அம்மா என்னிடம், "பரவாயில்ல தம்பி, உங்களால ஆனத செஞ்சீங்க" என்றார்கள். அவள் என் முகத்தைப் பார்க்காமல் சார்ட்டைச் சுருட்டிக்கொண்டு முன்னால் போய்விட்டாள்.

அதற்கடுத்த மூன்று நாள் நான் எப்படி இருந்தேன் என்று சரியாக நினைவில்லை. சோறு இறங்கவில்லை. அறையில் இருந்தவர்கள் மஞ்சள்காமாலை என்று பயந்து கண்ணை விரித்துப் பார்த்தார்கள். கடைக்குப் போய் உட்கார்ந்தால் முதலாளி தட்டிக்கொடுத்தார், ரொம்ப நல்ல சீசன் என்று. மேல் மாடியிலிருந்து ஒரு பையன் வந்து என் முழுப்பெயர், பிறந்த தேதி, பெங்களூரில் எந்த வருடம் சேர்ந்ததாகப் போட வேண்டும் என்று கேட்டுக் குறித்துக்கொண்டான். எல்லாவற்றையும் சொன்னேன்.

நாலாவது நாள் உட்கார்ந்து எழுதினேன். அவளுடைய கணக்கை முதலிலிருந்து, ஒரு படி விடாமல், நான்கு பக்கம். நடுவர்களின் பெயரும் முகவரியும் கண்காட்சிக் கையேட்டில் இருந்தன. பேராசிரியரின் வீடு தார்நாகாவில். பஸ்ஸில் போகும்போது இரண்டு தடவை இறங்கித் திரும்பிவிட நினைத்தேன்.

அவர் வீட்டு வராண்டாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தாள்களை நீட்டி, "அன்று முப்பத்தெட்டு நிமிடம் என்று சொன்ன பெண்ணின் கணக்கு சார். ஒருமுறை பாருங்கள்" என்றேன். உட்காரச் சொல்லவில்லை. கண்ணாடியை மாற்றிக்கொண்டு வாசித்தார். முதல் பக்கத்தில் இருந்த அலட்சியம் இரண்டாம் பக்கத்தில் இல்லை. உள்ளே போய்ப் பென்சில் எடுத்து வந்து ஓரத்தில் ஏதோ போட்டுப் பார்த்தார். அரை மணி நேரம் ஆகியிருக்கும். அப்புறம்தான் நாற்காலியைக் காட்டினார்.

"சரியாகத்தான் இருக்கிறது. மையக் கரு. அதை நான் யோசிக்கவில்லை. நாற்பது மேஜை பார்த்தேன் அன்றைக்கு." பென்சிலைத் தாள்களின் மேல் வைத்தார். "பட்டியல் அன்று மாலையே போய்விட்டது. இனி ஒன்றும் செய்ய முடியாது. நீங்கள் அவளுக்கு யார்?"

"யாரும் இல்லை சார். நான் அங்கே இருந்தேன்."

"எங்கே?"

"மண்டபத்தில். அணைக்கட்டு மேஜைக்கு அடியில்."

"நான் கேட்டபோதா?"

"ஆமாம் சார்."

"அப்போதே சொல்லியிருக்கலாமே."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. கடை, எரிமலைகள், வரப்போகிற பொய்க் கடிதம் வரை எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். கடைசியில், "எம்.எஸ்ஸி.க்கு அப்புறம் என்ன செய்வதாக உத்தேசம்?" என்றார். "சாஃப்ட்வேர் சார்" என்றேன். நோய் ஒன்றின் பெயரைச் சொன்ன மாதிரி தலையசைத்தார். பிறகு ஒரு தாளில் நாலு வரி எழுதி மடித்துக் கொடுத்தார். சனிக்கிழமைகளில் அந்தப் பெண் அப்பா அம்மாவோடு தன்னை வந்து பார்க்கலாம், தன் தவறை அவளிடம் தானே சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்தார்.

அங்கிருந்தே காஞ்சன்பாக் போனேன். கதவைத் திறந்தது அவள் அப்பா. யார் என்று சொன்னதும் முகம் இறுகியது. கடை விஷயம் எதுவுமே அவருக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. புராஜெக்ட் கடை, அம்மா போனது, எல்லாம் என் வாயிலிருந்துதான் அவருக்குத் தெரியவந்தது. அந்த அம்மா சமையலறை வாசலில் நின்று என்னைப் பார்த்த பார்வையை நான் சம்பாதித்துக்கொண்டேன்.

"இத்தனை கூத்து நடந்திருக்கா என் வீட்டுல?" என்றார் மனைவியிடம். அப்புறம் என்னிடம், "இனிமே எதுக்கு இது? முடிஞ்சது முடிஞ்சுபோச்சு. அவ எஞ்சினியரிங் படிக்கட்டும். இந்தச் சுரங்கமெல்லாம் சோறு போடாது."

அவர் சொன்னதை மறுக்க எனக்கு என்ன தகுதி இருந்தது? எனக்கே அது சோறு போட்டிருக்கவில்லை.

உள்ளறையிலிருந்து அவள் வந்தாள். பேராசிரியரின் தாளை வாங்கிப் படித்தாள். மறுபடியும் படித்தாள்.

"நீங்க அங்கதான் இருந்தீங்க. நான் பாத்தேன்."

"ஆமாம்மா."

"எனக்கு ஒண்ணும் ஆகியிருக்காது அங்கிள், நீங்க சொல்லியிருந்தாலும். அவர் ஒத்துக்கிட்டிருக்க மாட்டார். ஆனா நான் மட்டும்தான் பைத்தியம்னு நெனச்சிட்டு வீட்டுக்கு வந்தேன். மூணு நாள் அப்படியே நெனச்சேன். கணக்க மறுபடி மறுபடி போட்டேன். எங்க தப்புன்னு தெரியல."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவர்கிட்ட குடுத்த கணக்குல யார் பேர் போட்டீங்க?" என்று கேட்டாள்.

"உன் பேருதான்."

"நெஜமா?"

"நாலு பக்கத்துலயும்."

"அச்சா" என்றாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்த அம்மா எனக்குக் காப்பி கொடுத்தார்கள். நின்றுகொண்டே குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

பிப்ரவரியில் என் அனுபவக் கடிதம் வந்தது. வாங்கிக்கொண்டேன். பேராசிரியர் முன்னால் அழுதவன் அதைக் கிழித்துப் போட்டிருக்க வேண்டும் என்று யாராவது நினைக்கலாம். ஞாயிற்றுக்கிழமை வந்தது, அப்பா கேட்டார். அந்தக் கடிதத்தைக் காட்டித்தான் இரண்டு மாதத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். போன் செய்து விசாரித்தார்களாம், கன்சல்டன்சிப் பெண் எடுத்துப் பதில் சொன்னாளாம். முதல் ஒரு வருடம், பெங்களூர் என்று யாராவது பேச்சை எடுத்தாலே எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன். கொண்டாப்பூரில் இரண்டு பேரோடு ஒரு வீடு எடுத்தேன். அப்பாவுக்குக் கம்பெனி பெயரைச் சொல்லிக் கொடுத்தேன். அவர் அதை ஒரு தாளில் தமிழில் எழுதி வைத்துக்கொண்டார்.

அவளைப் பற்றி அவ்வப்போது கொஞ்சம் தெரியவந்தது. அந்த அம்மா ஒரு தடவை போன் செய்தார்கள். சனிக்கிழமைகளில் தார்நாகா போய்வருகிறாளாம். முதல் முறை கூடப் போன அப்பா, இரண்டாம் முறையிலிருந்து வாசலில் ஸ்கூட்டரிலேயே உட்கார்ந்திருக்கிறாராம். பிறகு அவருக்கு விசாகப்பட்டினம் மாற்றலாகிவிட்டது. தொடர்பு விட்டுப்போனது.

இரண்டு வருடம் கழித்து அலுவலகத்தில் ஒரு மெயில். தட்டச்சு செய்த நாட்களில் நான் கொடுத்த முகவரியை வைத்திருந்திருக்கிறாள். பி.எஸ்ஸி. இயற்பியலில் சேர்ந்துவிட்டாளாம். அப்பா ஒரு மாதம் பேசவில்லையாம், இப்போது பேசுகிறாராம். அவ்வளவுதான் சேதி. கீழே ஒன்றரைப் பக்கத்துக்குக் கணக்கு. சுரங்கத்துக்குள் காற்று இருந்தால் விழுகிறவர் கதி என்ன ஆகும் என்று போட்டிருந்தாள்.

அதை அலுவலகப் பிரிண்டரில் எடுத்து நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். கம்பெனி பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் படித்தேன். இரண்டு வரி புரிந்தது. மூன்றாவது வரி எப்படி வந்தது என்று தெரியவில்லை. எனக்கு எல்லாம் மறந்துவிட்டது என்று முதலில் நினைத்தேன். தெரியாது என்று அவளிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது. 'அருமை, வாழ்த்துகள்' என்று எழுதி, அனுப்பாமல் அழித்தேன். பதினோராம் நாள் ஒற்றை வரியில் பதில் போட்டேன்: மூன்றாவது வரி எனக்குப் புரியவில்லை, எப்படி வந்தது?

அன்று சாயங்காலமே பதில் வந்தது. ஆங்கில எழுத்தில் தமிழ்.

"மூணாவது வரி தப்பு அங்கிள். நானும் இப்பத்தான் பாத்தேன். திருப்பிப் போட்டு அனுப்புறேன். நீங்களும் போட்டுப் பாருங்க."